கொதிகலன்காரரின் சுருதி

அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகையே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

இசை ஆராய்ச்சிக்காக எனக்கு விருது என்கிறீர்கள். கைதட்டாதீர்கள் ஐயா, முழுக்கக் கேட்டபின் மனம் வந்தால் தட்டுங்கள்.

மருத்துவமனைச் சலவைக்கூடம் ஒன்றில், புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளைகளில், இரண்டு ஆண்டுகள் தொழிலாளரோடு சேர்ந்து பாடினேன். துவைத்த கைகள், பிழிந்த கைகள், புழுக்கத்தில் நின்று மடித்த கைகள். அவர்களின் குரலை உலகம் கேட்க வேண்டாமா? இயந்திர இரைச்சலுக்கு நடுவே மனிதர் எப்படிச் சுருதி சேர்கிறார்கள் என்பது என் ஆய்வு. அந்தப் பதிவுகளைக் கொண்டு புதுமாதிரி இசைக்கோவை ஒன்று செய்வது என் ஆசை.

பாடிய பன்னிரண்டு பேரில், பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் கொதிகலன்காரர் மட்டும் ஒட்டாமல் பாடினார். எல்லோரும் ஏறினால் அவர் அடியிலேயே நிற்பார். மகா மேதாவி நான் என்ன செய்தேன்? இசைக்கோவை செய்யும்போது கணினியில் இரைச்சலை வடிகட்டினேன். கூடவே அவரையும் வடிகட்டினேன். ஆய்வு முடிந்ததும் மூலப்பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

போன மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்கப் போன இடத்தில், துணி மடிக்கும் அம்மா சொன்னார்: "அவரு பாய்லர் சத்தத்தோட சேந்து பாடுவாருங்க. நாங்கதான் சுருதிய விட்டு எங்கெங்கயோ போயிருவோம்."

அவையோரே, நான் தேடியது எது? இயந்திரத்தோடு இணைந்த மனிதக் குரல். என் கையில் கிடைத்தது எது? அதே குரல். அழித்தது யார்? நானேதான். வெட்கமாக இருக்கிறது.

பின்வரிசையில் "பாட்டைப் போடுங்க" என்கிறீர்கள். துக்கம் கேட்கப் போன அந்த வீட்டிலும் போட்டேன். அவருடைய மனைவி, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் அக்கா, கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"இதுல அவரு எங்க தம்பி?"

"இல்லக்கா. எடுத்துட்டேன்."

"வேற எதுலயாச்சும் இருக்கா?"

"இல்லக்கா."

"வீட்ல அவரு குரல் எதுலயும் இல்ல. நீங்க புடிச்சு வச்சிருப்பீங்கன்னு நம்பிட்டு இருந்தேன்."

ஆராய்வோரே, இசை அமைப்போரே, பிழையென்று ஒரு குரலை நீக்குமுன், பக்கத்தில் நின்று பாடியவரைக் கேளுங்கள். அந்தக் குரலுக்கு உரியவரின் வீட்டாரைக் கேளுங்கள். கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இந்த விருது எனக்கு வேண்டாம். பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. வணக்கம் மட்டும் சொல்லி இறங்குகிறேன்.