நடுவில் இரண்டு ஏக்கர்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

என் பெயர் சுவாமிநாதன். அடையாற்றில் அலுவலகம் வைத்து நிலங்களை வடிவமைக்கிறேன். நகரத்துக்குத் தெற்கே, பறவைகள் காப்பகத்தை ஒட்டிய பதினொரு ஏக்கர் வயலை வடிவமைக்கும் வேலையை அதிகாரிகள் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். நெல்லும் விளைய வேண்டும், காப்பகத்துப் பறவைகளும் பயமில்லாமல் வந்து மேய வேண்டும். அகலமான வரப்புகளில் பூச்செடிகள், ஓரத்தில் நொச்சி வேலி, நடுவில் ஆழமில்லாத ஒரு குளம். இரண்டு வருட உழைப்பு.

நடுவில் இருந்த இரண்டு ஏக்கர் அன்வர் பாஷாவுடையது. அவர் திட்டத்தை எதிர்க்கவில்லை. எனக்காகப் பூச்சிமருந்தைக்கூட விட்டுவிட்டார். ஆனால் அதிகாரிகளும் மற்ற விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில், என் வரைபடத்தின் மேல் விரலை வைத்து, "இன்னா சார், இங்க தோண்டினா தண்ணி எப்படி நிக்கும்? அடியில பூரா மணலு கீது. காக்கா குளிக்கக்கூட தேறாது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குளம் வெட்டினோம். தை மாதமே வற்றிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கும்போதெல்லாம் வணக்கம் மட்டும் சொன்னார். அந்த வணக்கம் தேவையில்லாதது.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போயிருந்தார். விஷம் கலந்த நெல்லை அவர் வயலில் தூவினேன். விஷ டப்பாவை அவருடைய பம்புசெட் அறையில் வைத்தேன். பறவைகள் செத்தால் வழக்கு வரும், நிலத்தை விட்டுப் போய்விடுவார். முதலில் அவ்வளவுதான் நினைத்தேன். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அறை மூலையில் அவருடைய தண்ணீர்ப் பானை. அதில் கொட்டிவிட்டு, தட்டை இருந்தபடியே மூடினேன். வெயிலில் நடந்து வருகிறவர் முதலில் தண்ணீர்தான் குடிப்பார். தெரியாமல் செய்ததாக எழுத வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அமீனா பீ என் கையைப் பிடித்துக்கொண்டார். "பறவைக்கு வெஷம் வச்சிட்டு, மாட்டிக்குவோம்னு பயந்து அவரே குடிச்சிட்டாருன்றாங்க சார். அவரு அப்படியாப்பட்ட ஆளா? நீங்களே சொல்லுங்க."

"இல்லைம்மா" என்றேன். நான் பொய் பேசுவதில்லை.

அவர் மீது எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இத்தனை பக்க வாக்குமூலத்தில், செத்துக்கிடந்த முப்பத்தொரு பறவைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மனிதர்களுக்கு எப்படி இவ்வளவு கல்நெஞ்சு வருகிறதென்றுதான் எனக்குப் புரியவில்லை.