தண்ணீர் கேனில் சுத்தமான காற்று

எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது சார். இந்த ஃபேனைக் கொஞ்சம் கம்மியாக வைத்தால் தும்மாமல் சொல்லி முடித்துவிடுவேன்.

எங்கள் அனல் மின்நிலையம் சின்னது. புகையை அளக்கும் கருவிக்கு நான்தான் பொறுப்பு. அதன் கம்பி புகைக்குழாய்க்குள் இருக்க வேண்டும்; அது காட்டுகிற எண் நேராக அதிகாரிகளின் திரைக்குப் போகும். பௌர்ணமிதோறும் அந்தக் கம்பியை உருவி ஒரு காலித் தண்ணீர் கேனில் சொருகிவிடுவேன். கேனுக்குள் காற்று சுத்தம். பிறகு சாம்பலைப் பிடிக்கும் ஃபில்டரை நிறுத்துவேன். அது ஜாஸ்தி கரண்ட் தின்னும். நிறுத்தினால் அந்தக் கரண்டையும் விற்கலாம். முதலாளிக்கு என்மேல் தனிப் பிரியம். கிரிவலப் பாதை முழுக்கக் கற்பூரம் எரிகிற நாளில் எங்கள் புகையை யார் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள்?

வெல்டர் கலையரசன் அண்ணன் பார்த்தார். கிரிவலப் பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலைக்காரர். போன பௌர்ணமி மத்தியானம், பாதிப்பேர் அன்னதானத்துக்குப் போயிருந்தார்கள்.

"இன்னாடா இது, கேன்ல சொருகி வெச்சிருக்க?"

"அதுக்கும் தாகம் எடுக்கும்ல, அண்ணா."

அவர் சிரிக்கவில்லை. நல்ல ஜோக்தான்.

"பௌர்ணமி வந்தா இனியா மூச்சு முட்டி ஆஸ்பத்திரில கெடக்குது. கற்பூரம்தான் ஒத்துக்கலனு வூட்ல சாமிக்குக்கூட கொளுத்த வாணாம்னுட்டேன்டா. வா, வேங்கிக்கால் போயி பொல்யூஷன் ஆபீசர்கிட்ட நீயே சொல்லு."

இனியா அவர் மகள். என்னைச் சித்தப்பா என்பாள்.

அவரே கம்பியைப் புகைக்குழாய்க்குள் திருப்பி வைத்தார். முடுக்குவதற்குக் குனிந்து ஸ்பேனர் கேட்டார். பின்மண்டையில் கொடுத்தேன். முதல் அடிக்கு உட்கார்ந்தார். அடுத்ததற்குப் படுத்தார். அதற்கப்புறம் அடித்ததெல்லாம் தேவையில்லைதான். வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பாய்லர் கதவு பக்கத்திலேயே இருந்தது. உள்ளே தள்ளும்போது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, இனியாவுக்கு இழுக்கிற மாதிரியே. கதவைச் சாத்தியதும் அந்தச் சத்தம் நின்றது.

அவசரத்தில் கம்பியைக் கேனுக்கு மாற்ற மறந்துவிட்டேன். சாயங்காலம் அதிகாரிகளின் ஜீப் வந்தது. புருஷனைக் காணோம் என்று கேட்டில் அழுதுகொண்டிருந்த வினோதினி அண்ணிக்காக இல்லை, எண் எகிறியதற்காக. என்னத்தை எரித்தோம் என்று சாம்பலைக் கிளறியபோது அண்ணன் ஷூவின் இரும்பு மூக்கு கிடைத்தது.

செய்தது தப்புதான் சார், மறைக்கவில்லை. நிலக்கரி தவிர வேறெதையும் எரிக்க எங்கள் பாய்லருக்கு பர்மிட் கிடையாது.