பாக்யாஸ் சுல்தான்

டாபர்மேன் குட்டிக்குத் தயிர்சோறு கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது. நேசமணி டீச்சர் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து குட்டி வாங்க வந்த அன்று நான் முதலில் சொன்னது அதுதான். ஸ்டேஷனில் நீங்கள் எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், டீ கொடுத்தீர்கள். அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

என் மனைவி பாக்யலட்சுமி இறந்த பிறகு, நாய் வளர்த்து விற்கும் என் கென்னலுக்கு அவள் பெயரையே பதிவு செய்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு நாயின் பதிவுப் பெயரும் 'பாக்யாஸ்' என்றுதான் தொடங்கும். நாய்க் கண்காட்சியில் ஒலிபெருக்கி அந்தப் பெயரைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

போட்டிக்கு நிற்கும் தரமுள்ள குட்டி என்றால் ஒப்பந்தம் எழுதித்தான் விற்போம். பெயரை மாற்றக்கூடாது. என்னைக் கேட்காமல் கருத்தடை செய்யக்கூடாது. வளர்க்க முடியாமல் போனால் நாய் என்னிடமே திரும்ப வேண்டும். டீச்சர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்து என் நாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த வம்சத்தில் மிஞ்சியது டீச்சரிடம் இருந்த சுல்தான் மட்டும்தான். அப்போதுதான் அவர் வந்து, அவனுக்கு விதையில் கட்டி, எடுத்துவிட வேண்டுமாம் என்றார். ஒரே ஒரு முறை இணை சேர்த்துவிட்டு எடுக்கலாம், இல்லையென்றால் பாக்யாவின் பெயர் அவனோடு முடிந்துவிடும் என்று கெஞ்சினேன். அழக்கூடச் செய்தேன்.

"அதுக்குள்ள பரவிடும்னு டாக்டர் சொல்றாரு சார். அவன் உசுரோட இருந்தா எனக்குப் போதும். பேரு இன்னா சார் பேரு?" என்றார்.

நல்ல பெண்மணி. அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் அவர் சயனைடு மேட்டில்தான் நாயை நடக்கக் கூட்டிப் போவார். சுரங்கக் கழிவு மண் அது. மழை அரித்து அரித்து ஆழமான பள்ளங்கள் விழுந்திருக்கும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நானும் கூடப் போனேன். விளிம்பில் நின்று, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டினார். கால் வழுக்கியது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். வழுக்கவில்லை. நான் தள்ளினேன், ஒரு கையால்தான். மறு கையில் கயிறு இருந்தது. விட்டிருந்தால் சுல்தானும் விழுந்திருப்பான்.

கீழேயிருந்து கொஞ்ச நேரம் "சார், சார்" என்று கூப்பிட்டார். பிறகு மண் சரிந்தது. சத்தம் இல்லை. சுல்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வளர்க்க ஆளில்லாமல் போனால் அவன் என்னிடம்தானே வர வேண்டும். ஒப்பந்தத்தை நான் மீறவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவன் சாப்பிட மாட்டேன் என்கிறான். வாசலையே பார்த்துப் படுத்திருக்கிறான். 'பாக்யாஸ் சுல்தான்' என்று முழுப் பெயர் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. காதில் ஏதோ கோளாறு போலிருக்கிறது. நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள்.