இரைப்பை யார் தட்டில்?

லாண்டு: கரண்டிய வச்சுட்டுத் தள்ளிப் போடி. எண்ணெய் மேல வர்ற வரைக்கும் கிண்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?

லுசோலோ: நான் எங்க கிண்டினேன்மா? நீதான் பத்தாவது தடவ துழாவுறே. ஆத்துல மோதிரத்தத் தொலைச்சவ மாதிரி.

லாண்டு: உப்பு பாத்தேன்.

லுசோலோ: அடியில தடவித்தான் உப்பு பாப்பாங்களா?

லாண்டு: வாய மூடு... காலு ரெண்டு, தொடை ரெண்டு, றெக்கை ரெண்டு, கழுத்து... ஏய், லுசோலோ.

லுசோலோ: ம்?

லாண்டு: இரைப்பை எங்க?

லுசோலோ: எந்த இரைப்பை?

லாண்டு: கோழிக்கு எத்தன இரைப்பைடி இருக்கும்! நான் மாதா கோயிலுக்குப் போன நேரத்துல நீதான அறுத்துக் கழுவினே?

லுசோலோ: கழுவினேன். உள்ள இருந்த மணலத் தட்டி, மஞ்சத் தோல உரிச்சு, பளபளன்னு எடுத்து வச்சேன்.

லாண்டு: அப்புறம்?

லுசோலோ: அப்புறம்... ஜெனரல் அந்தப் பக்கமா வாலத் தூக்கிக்கிட்டு வந்துச்சு...

லாண்டு: ஐயோ, பூனையா! போச்சு. எல்லாம் போச்சு.

லுசோலோ: எதுக்கு இப்படிப் பதறுறே? அப்பா போய்ச் சேந்து அஞ்சு வருசமா ஜெனரலுக்குத்தான போடுறோம்? இந்த வீட்டு ஆம்பள அது ஒண்ணுதான்.

லாண்டு: இன்னிக்கு அப்படி இல்லடி...

லுசோலோ: இன்னிக்கு என்ன? படகுக்கார மவுங்கு மாமா கூரைத் தகரம் மாத்திக் குடுத்தாரு. அதுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. நீதான சொன்னே?

லாண்டு: ஆமா. அவ்வளவுதான்.

லுசோலோ: அதுக்கா பண்டிகைத் துணியக் கட்டிக்கிட்டு உக்காந்து கரி அடுப்ப ஊதுறே?

லாண்டு: பழசு காயல.

லுசோலோ: விடியறதுக்குள்ள செம்பனைப் பழத்த வேகவச்சு, உரல்ல இடிச்சு, நாரே இல்லாம ரெண்டு தடவ பிழிஞ்சு... நம்ம போமா ஊருச் சந்தையில டப்பாவுல சாறு விக்கிறது மறந்துபோச்சா?

லாண்டு: டப்பாச் சாறுல ருசி இருக்காது.

லுசோலோ: கூரைக்கு ருசி எதுக்கும்மா?

லாண்டு: சிரிக்காதடி. மரவள்ளிக் களிகூட கட்டி தட்டிப் போச்சு.

லுசோலோ: இப்ப என்ன குறைஞ்சு போச்சு? தொடைய வையி. ரெண்டு றெக்கையும் வையி.

லாண்டு: தெரியாத மாதிரி பேசாத. இரைப்பை யார் தட்டுல விழுதோ அவன்தான் வீட்டுக்காரன். இது இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

லுசோலோ: அவரு வீட்டுக்காரர் இல்லியே. விருந்தாளிதான?

லாண்டு: என்னக் கட்டிக்கிறியான்னு மூணு தடவ கேட்டுட்டாருடி. படகுல வச்சு ஒரு தடவ. சந்தையில ஒரு தடவ. அப்புறம் நம்ம கூரை மேல உக்காந்து, ஆணிய வாயில கடிச்சுக்கிட்டே ஒரு தடவ.

லுசோலோ: ஆணியக் கடிச்சுக்கிட்டா! கேட்டது உனக்குப் புரிஞ்சுதா?

லாண்டு: புரிஞ்சுது போ. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க, பதில் தட்டுல இருக்கும்"னுட்டேன்.

லுசோலோ: அடி அம்மா!

லாண்டு: இப்ப தட்டுல அது இல்லேன்னா? மாட்டேன்னுட்டாளேன்னு நினைச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டு எழுந்து போயிடுவாரு. நாலாவது தடவ கேக்குற ஆளா அவரு?

லுசோலோ: பக்கத்து வீட்டுலயும் இன்னிக்குக் கோழிதான். ஓடிப் போய் அவங்க இரைப்பைய வாங்கிட்டு வரட்டா?

லாண்டு: அடுத்தவ கோழி இரைப்பையத் தின்னா அடுத்தவ புருசனா ஆயிடப் போறாருடி!

லுசோலோ: ஹஹ்ஹஹ்ஹா...

லாண்டு: சிரி, நல்லா சிரி.

லுசோலோ: இல்ல... இல்லம்மா... ஒண்ணு கேக்கட்டா? இத ஏன் என்கிட்ட சொல்லல?

லாண்டு: எப்படிடி சொல்லுவேன்? அப்பா நாற்காலிய இன்னும் தினம் தொடச்சு வைக்கிறவ நீ. நீ முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா, பேசாம ஜெனரலுக்கே போட்டுடலாம்னு இருந்தேன்.

லுசோலோ: தூக்கலேன்னா?

லாண்டு: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அதுதான் பூனை வயித்துக்குள்ள போயிடுச்சே.

லுசோலோ: சும்மா சொல்லு. அவருக்குப் பதில் மாட்டேனா... சரியா? எண்ணெய் மேல வந்துடுச்சு பாரு. சீக்கிரம்.

லாண்டு: சரிதான்டி.

லுசோலோ: கேக்கல.

லாண்டு: சரி!

லுசோலோ: இன்னும் கொஞ்சம் சத்தமா. ஆத்துல கப்பல் ஊதுது.

லாண்டு: சரின்னுதான சொல்றேன்! மவுங்குவ எனக்குப் பிடிச்சிருக்கு! போதுமா? தெருவுக்கே கேட்டிருக்கும்!

மவுங்கு: கோ... கோ... கோ... வாயாலயே கதவத் தட்டுறேன், உள்ள வரலாமா?

லாண்டு: ஐயையோ! நீங்க... நீங்க எப்ப வந்தீங்க?

மவுங்கு: நீ உப்பு பாத்தப்பவே. வேலிக்குப் பின்னால அசையாம நிக்கணும்னு உன் பொண்ணு உத்தரவு. எறும்பு முட்டி வரைக்கும் ஏறிடுச்சு.

லாண்டு: லுசோலோ!

லுசோலோ: பூனை தின்னுச்சுன்னு நான் சொன்னேனா? வந்துச்சுன்னுதான் சொன்னேன். முகர்ந்து பாத்துட்டுப் போயிடுச்சு.

லாண்டு: அப்ப இரைப்பை எங்கடி?

லுசோலோ: அவரு சட்டைப் பையில.

லாண்டு: என்னது!

மவுங்கு: நீ கோயிலுக்குப் போனதும் உன் பொண்ணு படகுத்துறைக்கு ஓடி வந்தா, லாண்டு. கூரை மேல நான் கேட்டது அவ காதுலயும் விழுந்திருக்கு. மிளகா தடவிச் சுட்டு, வாழை இலையில சுத்திக் கையில குடுத்து, "இது என் பதில், அம்மா பதில அம்மா வாயால கேட்டுட்டுச் சாப்பிடுங்க"ன்னா. நான் இன்னும் பிரிக்கவே இல்ல... கத்தி எடுத்துட்டு வா. நாலாப் போடு. ஜெனரலுக்கும் சேத்து.