கோட்டையில் எஞ்சிய ஒருவன்

விழாத் தலைவர் கல்யாணசுந்தரம் அவர்களே, அறிவாலும் அகவையாலும் மூத்த ஆன்றோரே, மழையையும் மதியாது டூட்டிங் மண்டபம் வந்த தாய்மாரே, தமிழால் என் உறவானவர்களே! இந்த நாவலை எழுதிய சிவரூபினியின் வணக்கம்.

கதை இதுதான்: மலைமுகட்டுக் கோட்டையில் மறைந்து வாழ்ந்தது ஓர் இரகசியச் சங்கம். மண்ணதிர வந்தது மங்கோலியப் படை. இதழில் தொடராக எழுதியபோது, கடைசி அத்தியாயத்தில் கோட்டையை எரித்தேன்; சங்கத்தார் அனைவரையும் கொன்றேன். கொன்றுவிட்டு நிம்மதியாக உறங்கினேன்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்.

இதழ் வெளிவந்ததும், பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வாசகர் பத்மநாதன் ஐயா தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, ஒருத்தனையாவது மிச்சம் விட ஏலாதே?"

"மிஞ்சினவன் தனிய என்ன செய்வான் ஐயா?"

"அதையெல்லோ எழுதியிருக்க வேணும்!"

நேரில் போனேன். கதவைத் திறந்தவர் உட்புறம் திரும்பி, "தவம், ஆக்கள் வந்திருக்கினம்!" என்றார். பிறகு அப்படியே நின்றார். மனைவி தவமலர் இறந்து ஓராண்டு.

"பழகின வாய், பிள்ளை. மறுமொழிதான் வராது."

எது தனிமை, அன்பர்களே? ஆளற்ற அறையா? அழைத்த குரல் அநாதையாய்த் திரும்புவதல்லவா தனிமை!

வீடு வந்து, நூலுக்காக முடிவை மாற்றி, யூசுப் என்ற ஒருவனை மட்டும் உயிரோடு விட்டேன். சங்கத்தார் ஒருவரையொருவர் அறிய ஒரு கேள்வி உண்டு: 'யாரங்கே?' மறுமொழி: 'உன் வீட்டார்.' யூசுப் சந்தையில் கேட்டான், சத்திரத்தில் கேட்டான், சாவு வீட்டிலும் கேட்டான். சிரித்தார்கள், விலகினார்கள். தலை நரைத்தபின் ஒருநாள், வழிப்போக்கன் ஒருவன் சொன்னான்: 'உன் வீட்டார்.'

யார் அவன்? முன்வரிசையில் "எதிரியோ?" என்கிறீர்கள். ஓம் அண்ணை, எதிரியேதான்! சிறைபிடிபட்ட சங்கத்தான் ஒருவனை, அவன் சாகும்வரை காவல் காத்த மங்கோலிய வீரன். அந்தக் கைதி காய்ச்சலில் பிதற்றியதைக் கேட்டு, இந்த மறுமொழியைக் கற்றவன். யூசுப் வாளை உருவினான். நெடுநேரம் நின்றான். பிறகு உறையிலிட்டு, அவன் அருகே அமர்ந்தான்.

இதை ஐயாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன்.

"அந்த மங்கோலியன் விடிய எழும்பிப் போயிடுவானே?"

"அதை நான் எழுதேல்லை, ஐயா."

"எழுதாதை, பிள்ளை."

இன்று அவர் வரவில்லை. அழைத்தேன். "வாறது பிரச்சினையில்லை. உங்களோடை இருந்திட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் திறக்கிறதுதான் ஏலாது" என்றார்.

நாளை முதற்பிரதியோடு அவரிடம் போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்? அஜித்தா, உங்கள் கையைக் கண்டேன். அங்கே, கடைசி வரிசையிலும் ஒரு கை. போதும், புறப்பட இது போதும்!

செவி தந்தவர்களுக்கும், கை உயர்த்திய இருவருக்கும் என் நன்றி. வணக்கம்.