ஒன்று ஐம்பத்திரண்டு வரை திருவோணம்

சொட்டுகிற குழாய் உள்ள வீட்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்கள், சார். அதனால் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றுவதில்தான் ஆரம்பித்தேன். பிறகு வெள்ளையடிப்பு, பின்கதவுக்குக் கொண்டி, குளியலறைப் பாசி. தச்சநல்லூரில் ஐம்பது வருடம் நின்ற வீடு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உதிரும். எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தேன். நிதானமாகவே சொல்கிறேன். ஏட்டையாவுக்கு எழுதிக் கை வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

பெயர் பாலசுப்பிரமணியன். ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டி, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன். அங்கே நான் கற்ற ஒரே கலை, போன வாரம் போட்டிருக்க வேண்டிய கையெழுத்தை இன்றைக்குப் போட்டு, போன வாரத் தேதியை எழுதுவது. ஒரு கோப்பும் என்மேல் திரும்பி வந்ததில்லை.

வீடு என் பேரில்தான் இருக்கிறது. ஆனால் அப்பா பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருந்தார்: மூத்த மகள் அன்னத்தாய்க்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை. அக்காவுக்கு எழுபத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். என் படிப்பும் அவள் பார்த்ததுதான், வீட்டு மாடியும் அவள் போட்டதுதான். புரட்டாசியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, பத்து நாள் தாண்டாது என்றார். பெரிய டாக்டர், சுவர் முழுக்கப் பட்டம் மாட்டியிருந்தார், நம்பினேன். அன்று சாயங்காலமே புரோக்கர் மணிராஜிடம் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் மூன்று மாதமாயிற்று. என் மகன் கணேஷ்ராம் கோயம்புத்தூரில் எங்களுக்கும் சேர்த்து வீடு பார்த்துவிட்டான். இது விற்றால்தான் அது. என் மனைவி முன்னாலேயே பெட்டியைக் கட்டிப் போய்விட்டாள். இங்கே நான், அக்கா, அவளைப் பார்த்துக்கொள்ள வந்த டார்லின். டார்லின் தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். அக்காவுக்குக் காது கேட்கும் என்று சொல்லி நாள் பூராவும் அவளிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

மணிராஜ் வாரம் ஒரு தடவை வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பான். "அண்ணாச்சி, விரிசல்னா பூசிரலாம். கரையான்னா மருந்து அடிச்சிரலாம். கட்டில்ல ஆள் கெடந்தா நான் என்ன செய்ய?" என்பான். அக்காவின் அறை வாசலில் நின்றுதான் சொல்வான்.

நான் மட்டும் என்ன செய்யட்டும்? ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சேர்த்திருக்கலாம். பிழைத்துவிடுவாள்.

வாங்க வந்தவர் நமச்சிவாயம். ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் இரண்டு. எல்லாம் அவரே தொடங்கிய சங்கம் அவருக்கே கொடுத்தது. சட்டைப்பையில் பாக்கெட் பஞ்சாங்கம். அவர் நிபந்தனை இரண்டு. மாசி பிறப்பதற்குள் பத்திரம் முடிய வேண்டும், இல்லையென்றால் பாளையங்கோட்டையில் வேறு வீடு. அடுத்தது, வீட்டுக்கு அடைப்பு இருக்கக் கூடாது.

உங்களுக்கு அது தெரிந்திருக்கும். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரம். அந்த நாட்களில் யாராவது செத்தால் அந்த இடத்தை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். நான் நம்புகிறவன் இல்லை. வாங்குகிறவர் நம்பினால் விற்கிறவன் நம்பித்தான் ஆக வேண்டும்.

தினசரி காலண்டரை எடுத்து உட்கார்ந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அதற்குப் பிறகு பத்திரம். தை பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, திருவோணம். அதை விட்டால் ஐந்து நாள் அடைப்பு. அதையும் தாண்டினால் பதினாறாம் நாள் மாசியில் போய் விழுகிறது. ஆக ஒரே நாள். அந்த நாளை நான் தேர்ந்தெடுக்கவில்லை சார், மிச்சம் இருந்தது அதுதான். தாளின் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது: திருவோணம் பகல் 1.52 வரை.

காலையிலேயே முடிந்திருக்கும். எட்டு மணிக்குப் பெயிண்டர் வந்து, சன்னலுக்கு இரண்டாவது பூச்சு பாக்கி என்றான். அவனை அனுப்பினால் பதினொரு மணிக்கு நமச்சிவாயம் கடைசியாக ஒரு முறை பார்க்க வந்துவிட்டார். நடுக்கூடத்தில் நின்று பேச ஆரம்பித்தார். வீடு என்பது செங்கல் அல்ல, அது ஒரு சிவாலயம், அதில் வாழ்கிறவன் அடியார் என்றார். ஒன்றரை மணி வரைக்கும் வாழ்ந்தார்கள் அடியார்கள். பிறகு கக்கூஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்.

போகும்போது அக்கா அறையை எட்டிப் பார்த்து மணிராஜிடம், "என்னவே, இது எப்ப ஒழியும்?" என்றார். அறையைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அக்கா கண்ணைத் திறந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பசி. வெறும் வயிற்றில் எந்த வேலையும் எனக்கு ஓடாது. ரசம் சாப்பிடும்போது டார்லின் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "அண்ணாச்சி, டீச்சர் கையத் தூக்குதாவ. சீக்கிரம் வாங்க."

"சாப்பிடுதேம்லா" என்றேன்.

"சரி, வீடியோ எடுத்து அனுப்புதேன். கோயம்புத்தூர்ல மைனிக்கும் அனுப்பிவிடுங்க. பாத்தா சந்தோஷப்படுவாவ."

எச்சில் கையோடு பார்த்தேன். விழுந்துபோன வலது கை. ஒரு சாண் எழும்பி, காற்றில் நின்று, டார்லினைப் பார்த்து ஆடியது. நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தாள். சன்னலில் புதுப் பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தது.

கை கழுவினேன். ஃபினாயில் தீர்ந்துவிட்டது என்று டார்லினைக் கடைக்கு அனுப்பினேன். கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு இருபது. திருவோணம் போயே போய்விட்டது. ஒரு நிமிடம் எனக்கு அழுகை வந்தது, சார். நாலு மாதம் அலைந்தவன் நான். அப்புறம்தான் அலுவலக ஞாபகம் வந்தது. நேரம் என்பது நாம் எழுதுவதுதானே.

தலையணைக்கு உறை மாற்றியது அன்று காலையில்தான். மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் அந்த வலது கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தாள் என்று எழுத வேண்டாம், தொட்டாள் என்று போடுங்கள். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது அவள் பிடிக்கிற இடம் அது. அதிக நேரம் ஆகவில்லை. பிறகு உறையை நீவிவிட்டு, தலையணையை அவள் தலைக்குக் கீழேயே வைத்தேன்.

வந்தவர்களிடம் எல்லாம் ஒன்று நாற்பது என்று சொன்னேன். நல்ல நட்சத்திரம், புண்ணியம் செய்தவள் என்றார்கள். நமச்சிவாயம் மாலையோடு வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்து, திருவோணம் என்று தலையாட்டினார். எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் டார்லின் கால்மாட்டிலிருந்து, "இல்லையே, ரெண்டு மணி தாண்டி எனக்கு டாட்டா காமிச்சாவளே. அண்ணாச்சி போன்லயே இருக்கே" என்றாள்.

நமச்சிவாயம் என் போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். 2.05. "ஏவே, இது அவிட்டம்லா. என்னைய ஏமாத்தப் பாத்தீரே" என்றார். மாலையைக் கூட வைக்காமல் படியிறங்கினார். அவர் கண்டுபிடித்தது நட்சத்திரத்தை மட்டும்தான். மற்றதைக் கண்டுபிடித்தது டார்லின். என் மணிக்கட்டில் இருந்த நகக்கீறலைப் பார்த்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

எல்லாம் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு திருத்தம். ஏட்டையா இரண்டு இருபது என்று எழுதியிருக்கிறார். அதை அடித்து ஒன்று நாற்பது என்று போடச் சொல்லுங்கள். உங்கள் கேஸுக்கு நாற்பது நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது? இரண்டு இருபது என்றால் வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும், சார். அக்கா அதைத் தாங்க மாட்டாள்.