மறுவீட்டுச் சொதி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் டிவி போடுவதில்லை. அது மகளிடமிருந்து படங்கள் வரும் நேரம். என் கணவருக்கு அப்போது வேறு சத்தம் ஆகாது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. இதுதான் முதல்.

சுகிர்தா எங்களுக்கு ஒரே பெண். அயர்லாந்தில் கால்வே என்ற ஊரில் மேல்படிப்பு. வாரம் முழுக்கப் படிப்பாள். சனி, ஞாயிறு வந்தால் பஸ் பிடித்து ஊர் சுற்றுவாள். கடலோரப் பாறை, இடிந்த கோட்டை, மழையில் நனையும் ஆடு, அன்றைக்கு எந்தக் கடையில் என்ன சாப்பிட்டாள் என்பது, எல்லாவற்றையும் ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே அப்பாவின் போனுக்கு அனுப்புவாள். பாளையங்கோட்டையில் அப்போது விளக்கு வைக்கும் நேரம்.

“ஏளா அன்னம், இங்கன வந்து பாரு. நம்ம மாஞ்சோலை மலையத் தூக்கிக் கடல் ஓரத்துல வச்ச மாதிரி இருக்குலா?” என்பார்.

“ஆட்டுக்குப் பக்கத்துல எதுக்கு நிக்கா? முட்டிராதா?”

“அது ஒன்னைய மாதிரி இல்லளா. சாதுவா இருக்கு.”

அவர் மலையைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். எந்தச் சாப்பாட்டுப் படத்திலும் கோப்பை இரண்டு இருந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு கை. அடுத்த வாரமும் அதே கை. நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் பொய் வரும். பார்த்துக்கொண்டிருந்தால் உண்மை தானே வரும்.

தை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று கோட்டை இல்லை, கடல் இல்லை. அவள் தங்கியிருக்கும் வீட்டில் வாழை இலை போட்டிருந்தாள். எங்கே வாங்கினாளோ. இலையில் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். பக்கத்தில் இன்னொரு இலை, அதிலும் அதே.

உங்களுக்கு எந்த ஊரோ தெரியவில்லை. எங்களில் கல்யாணத்துக்கு மறுநாள், பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுவது சொதி. மறுவீட்டு விருந்து. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த குழம்பு. இப்போது ஓட்டல்களில்கூட ஞாயிற்றுக்கிழமை வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படியில்லை. “அதுக்கு மாப்பிள்ளை வரணும்” என்று சின்னப் பிள்ளையிலிருந்து அவளிடம் சொல்லியே வளர்த்திருக்கிறேன். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயால் சொல்ல முடியாததை இலையில் சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். கல்யாணம் முடிந்துவிட்டது. இனி அவள் வரமாட்டாள்.

“சொதி வைக்கப் படிச்சிட்டா பாரேன்,” என்று இவர் சிரித்தார். பாவம், வெகுளி.

மகளைப் பார்க்காமல் அவர் ஏங்கிப்போயிருந்தார். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் சுகிர்தா ஓடி வருவாள். பொய் சொல்லிக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அதனால் உண்மையாகவே கொஞ்சம் முடியாமல் போனால் போதும் என்று நினைத்தேன்.

அவருடைய ஏழு நாளுக்கான பிரஷர் மாத்திரையை டப்பாவில் நான்தான் போட்டுவைப்பேன். அடுத்த வாரத்திலிருந்து அதே அளவில் வெள்ளையாக ஒரு சத்து மாத்திரையைப் போட்டேன். நான் கொடுப்பதை அவர் உற்றுப் பார்ப்பதில்லை.

பத்தாம் நாள் தலை பாரமாக இருக்கிறது என்றார். வெயில் என்றேன். ஒருநாள் கொல்லையில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். டாக்டர், “மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுதாங்களா?” என்று கேட்டார். “நான்தான் கையில எடுத்துக் குடுக்கேன்,” என்றேன். அதில் பொய் இல்லையே.

அன்றே மகளுக்குப் போன் செய்தேன். “பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தாம்மா இருக்கு. முடிச்சிட்டு ஓடி வந்திருதேன். அதுவரைக்கும் அப்பாவ நல்லாப் பாத்துக்கோ,” என்று அழுதாள். அவள் வருவதற்குள் இவர் தேறிவிட்டால் பயணத்தை நிறுத்திவிடுவாள். ஆகவே டப்பாவை அப்படியே விட்டேன்.

மாத்திரையை மாற்றிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நான் விளக்கேற்றிவிட்டு வந்தேன். கழுத்து சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். போன் மடியில் கிடந்தது. அப்போதுதான் படம் வந்தது. வெறும் கடல்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். பரீட்சை எழுதாமல் சுகிர்தா வந்தாள். தனியாக வரவில்லை, கூடத் தங்கியிருக்கும் ப்ரியா என்ற நாகர்கோவில் பெண் துணைக்கு வந்தாள். அவள் நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

இரண்டாவது இலை யாருடையது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் போனிலேயே இருந்தது. அந்தச் சொதிப் படம் வருவதற்கு முதல்நாள் அவர் மகளுக்குப் பேசி அனுப்பியது: “மாப்பிள்ளை வந்தாத்தான் சொதியாக்கும்? ஒங்கம்மா சொல்லுவா. நீ வச்சிச் சாப்பிடு தாயி. கூட இருக்க பிள்ளைக்கும் ஒரு இலை போடு.” கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மருந்துக் கடை ஜெபசீலன் துக்கம் கேட்க வந்த இடத்தில், “ஐயாவுக்கு மாத்திரைய நிப்பாட்டிட்டாங்களாம்மா? ஒன்றரை மாசமா யாரும் வாங்க வரலியே,” என்று சுகிர்தாவிடம் கேட்டிருக்கிறான். அவள் வீடு முழுக்கத் தேடினாள். தைலப் பெட்டியில் பிரிக்காத அட்டைகள் இருந்தன. நான் ஒளித்துவைக்கவில்லை, எடுத்துவைத்திருந்தேன்.

புகார் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட்டிருந்தாள். வெளியே பெஞ்சில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறாள், யாரையாவது விட்டு இட்லி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நான் சொன்னது எல்லாம் உண்மை. மாத்திரையை மாற்றியது நான்தான். தெரிந்துதான் மாற்றினேன். முக்கியமான சாட்சி அவள்தான் என்றீர்கள். வழக்கு முடியும்வரை அவள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.